கல்லாய்க் கிடந்த அரசன்

பெங்களூரில் தமிழர்கள் நெருங்கி வாழும் பகுதிகளுள் ஸ்ரீராம்புரமும் ஒன்று. நாம் குடியிருப்பதும் அங்கேதான். எதிர்வீட்டுச் சிறுவன் ஒருவன், கஸ்தூர்பா சாலையிலுள்ள விசுவேசுவரய்யா காட்சிசாலைக்குப் போய், அங்கே அசைகின்ற டைனோசார் உருவத்தைக் கண்டு வந்தான். வந்தவன் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டான்: "மாமா, அது பொம்மை என்று எனக்குத் தெரியும். நிஜ எலும்பு நம் தேசத்தில் எங்கேனும் உண்டா?" நேயர்களே, அக்கேள்விக்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

நம் ஊரில் அவ்வெலும்பைத் தேடிப் பயனில்லை. ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ரயில் ஏறினால், வண்டி மாறாமலே லால்பாக் போய்ச் சேரலாம். அங்குள்ள குன்றின் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமை உடையது. டைனோசார்களோ சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் தோன்றின. மேலும், அது பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை. எலும்பு கல்லாய் மாறுவதற்கு, ஆறோ ஏரியோ கொணர்ந்த மணலும் சேறும் அதனை விரைவில் மூடவேண்டும். பிறகு நிலத்தடி நீரிலுள்ள தாதுப்பொருள்கள் அதனுள் ஊறிப் படியவேண்டும்.

அத்தகைய படிவுகள் நர்மதைப் பிரதேசத்தில் உள்ளன. 1828-ஆம் ஆண்டில் ஸ்லீமன் என்னும் ஆங்கிலேய அதிகாரி ஜபல்பூரில் டைனோசார் எலும்புகளைக் கண்டெடுத்தார். அதன்பின் 1980-களின் தொடக்கத்தில், குஜராத்தில் பாலாசினோருக்கு அருகே ரஹியோலி என்னும் கிராமத்தில் ஏராளமான எலும்புகளும் முட்டைகளும் வெளிப்பட்டன. இந்தியப் பூகர்ப்ப ஆய்வுத் துறையைச் சேர்ந்த சுரேஷ் ஸ்ரீவாஸ்தவா, 1982 முதல் 1984 வரை அவ்வெலும்புகளைத் திரட்டினார். பல பிராணிகளின் எலும்புகள் அங்கே கலந்து கிடந்தன. ஆகவே எந்த எலும்பு எவ்விடத்தில் கிடந்தது என்பதை அவர் ஒரு வரைபடத்தில் குறித்து வைத்தார். அச்செயலின் அருமை சுமார் இருபது ஆண்டுகள் கழித்தே புலப்பட்டது. இந்திய, அமெரிக்க விஞ்ஞானிகள் அவ்வரைபடத்தின் துணைகொண்டு ஒரே பிராணிக்குரிய எலும்புகளைப் பிரித்தெடுத்து இணைத்தார்கள். 2003-இல் அதற்கு 'ராஜசாரஸ் நர்மதென்சிஸ்' என்று பெயர் சூட்டினார்கள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயரில் ஒரு தனி மகிழ்ச்சி. வடமொழியின் ராஜனும் கிரேக்க மொழியின் பல்லியும் அதில் கைகோத்து நிற்கின்றன. நர்மதையின் பல்லியரசன் என்பது பொருள்.

இவ்வரசன் மாமிச பட்சிணி. சுமார் 6 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவன். நெற்றியில் தாழ்ந்த ஒரு கொம்பு உண்டு. மடகாஸ்கர் தீவில் கிடைத்த மஜுங்கசாரஸ் இவனுக்கு உறவு. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தன என்பதற்கு இவ்வுறவும் ஒரு சாட்சியாகும்.

2019 ஜூன் மாதம் ரஹியோலியில் டைனோசார் காட்சிசாலை திறக்கப்பட்டது. ராஜசாரஸின் முழு உருவ மாதிரியை அங்கே காணலாம். ஆயின், அது முழுவதும் எலும்பைக் கொண்டு அறிந்ததன்று. உண்மையில் கிடைத்தவை மூளையைச் சூழ்ந்த மண்டைப்பகுதி, முதுகெலும்பின் சில பகுதிகள், இடுப்பெலும்பு, பின்னங்கால், வால் ஆகியவற்றின் எலும்புகளே. எஞ்சியவை உறவுப் பிராணிகளைப் பார்த்து ஊகித்தவை. இதை ஏமாற்று என்று கருதவேண்டியதில்லை. எது கண்டது, எது கருதியது என்று காட்சிசாலை தெளிவாகச் சொல்லிவிட்டால், ஊகமும் விஞ்ஞானத்தின் ஓர் அங்கமே.

கண்டதும் கைநழுவிப் போனால் என்ன ஆகும்? அதற்குச் சான்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அரியலூர்ப் பகுதியிலுள்ள கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை ஆராய்ந்து, யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர் 1987-இல் அப்பிராணிக்கு 'புருகத்காயோசாரஸ்' என்று பெயரிட்டார்கள். முதலில் அதனை மாமிச பட்சிணி என்று வகுத்தார்கள். தழை தின்னும் நெடுங்கழுத்துப் பிராணி என்பது பிற்காலத்தார் கருத்து. கால் எலும்பு ஒன்றே சுமார் 2 மீட்டர் நீளம் என்றார்கள். உலகின் மிகப் பெரிய தரைப்பிராணிகளுள் ஒன்றாக அது இருந்திருக்கக்கூடும். ஆனால் அவ்வெலும்புகள் உதிர்ந்து அழிந்துவிட்டன. இன்று அதைப் பற்றி எழும் ஐயத்தைத் தீர்க்க, படங்களும் குறிப்புகளுமே மிஞ்சியுள்ளன.

கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருந்த எலும்பு, வெளியே வந்த சில ஆண்டுகளில் மறைந்துபோவது விந்தையன்றோ? மழையும் வெயிலும் பட்டால் புதைபடிவம் விரியும். சாந்துக் கட்டுப் போட்டு எடுக்காவிடில் நொறுங்கும். சீட்டு எழுதி வைக்காவிடில் சேமிப்பறையிலேயே தொலைந்துபோகும்.

எதிர்வீட்டுச் சிறுவனுக்கு நாம் கூறிய விடை இதுவே: "உண்டப்பா, நிஜ எலும்பு உண்டு. அதைக் காத்தவர்களும் உண்டு, காக்கத் தவறியதும் உண்டு." அவன் சற்று யோசித்து, "அப்படியானால் அந்த வரைபடம் போட்டவர்தான் கெட்டிக்காரர்" என்றான். நாமும் அவ்வாறே கருதுகிறோம்.