பாரா ஹெல்மெட்டும் மரக்காணத்து உப்புக்காற்றும்

பழைய பாராசூட் படை ஹெல்மெட்டை வாங்கப் போகிறவங்க முதல்ல பார்க்கிறது வெளியே இருக்கிற இரும்பு ஓட்டை. அந்த ஓடு மட்டும் எதையும் நிரூபிக்காது. இரண்டாம் உலகப்போர்க் காலப் பிரிட்டிஷ் ராணுவத்தில் பாராசூட் வீரர், டாங்கிக்காரர், மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுபோனவர் மூணு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி விளிம்பில்லாத ஓடுதான். வித்தியாசம் உள்ளேதான் இருக்கு. பாரா ஹெல்மெட்டில் தலையைச் சுற்றிய தோல்பட்டைக்குப் பின்னால் ரப்பர் திண்டு இருக்கும். குதிக்கும்போது கழன்று போகாதபடி தாடைவார் மூணு இடத்தில் ஓட்டோடு பிணைந்திருக்கும். முதலில் தோல் வார், பிறகு வந்த மார்க் 2 வகையில் முரட்டுத் துணி நாடா. டாங்கி ஹெல்மெட்டில் கூடுதலாகத் துளை போட்டு, புது உள்பாகம் மாட்டி, 'பாரா' என்று விற்கிற வேலை உலகம் முழுக்க நடக்குது.

நம்ம ஊர்ப் பாராசூட் படையும் இந்தப் பிரிட்டிஷ் மரபில் வந்ததுதான். 50வது இந்தியப் பாராசூட் பிரிகேட் 1941 அக்டோபரில் டெல்லியில் உருவானது. 1944 மார்ச்சில் சாங்ஷாக்கில் ஜப்பானியரை எதிர்த்து அது தரையில் நின்றுதான் போரிட்டது. 1945 மே 1 அன்று ரங்கூன் அருகே எலிஃபன்ட் பாயின்ட்டில் கூர்க்கா பாராசூட் வீரர்கள் குதித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பெரிய குதிப்பு, 1971 டிசம்பர் 11இல் டாங்கைலில். மெரூன் பெரே தொப்பியும் சீக்கிய வீரர்களின் மெரூன் தலைப்பாகையும்கூட இந்த வரிசையில் வைக்க வேண்டியவைதான். என்னைக் கேட்டா, ஹெல்மெட்டைவிட அந்தத் தலைப்பாகைதான் நம்முடையது.

சரி, இதில் மரக்காணம் எங்கே வந்தது? நான் வைத்திருப்பது இங்கே. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் தானே நீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். உப்பளத்துக்காரங்களுக்கு இது புதுசில்லை, மழைக்காலத்து உப்பு மூட்டையைத் தொட்டாலே தெரியும். அதே கசிவு இரும்பின் மேல் நடந்தா துரு. தோலுக்குள் போனா விறைப்பு, வெடிப்பு. அதாவது, ஹெல்மெட் அசல் என்று காட்டுகிற பாகங்களைத்தான் இந்தக் காற்று குறிவைக்குது.

அதுக்காகப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. அது குத்துவிளக்குக்கான வைத்தியம். புளிப்பு தோலுக்குள் இறங்கும், பழைய பெயின்ட்டும் உள்ளே குத்திய ஆண்டு முத்திரையும் போகும். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டிவிட்டு, ஓட்டுக்கு மட்டும் மெழுகு பூசுகிறேன். தோலுக்கு எண்ணெய் கிடையாது. பாலித்தீன் பையில் கட்டினா ஈரம் உள்ளேயே தங்கும்; இறுக்கமாக மூடுகிற பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் ஒரு ஈரப்பதமானியும் போட்டு, முள் 50 பக்கத்தில் நிற்கிற மாதிரி பார்த்துக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் ஜெல்லை அடிக்கடி வறுத்தெடுக்க வேண்டியிருக்கு. பெட்டியைத் திறந்தா முதலில் பார்ப்பது தாடைவார்க் கொக்கியை. அங்கே துரு ஏறினா, அதைத் தொட்டுக்கொண்டிருக்கிற நாடா இழை இழையாக அறுந்துவரும்.