திண்ணையில் இருந்த செம்பு

ஆண்டுதோறும் ஆகஸ்டு 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடி ஏறுகிறது. செப்டம்பர் 8-ஆம் நாள், தேவதாயின் பிறப்பு விழாவோடு திருவிழா நிறைவெய்துகிறது. அதற்குச் சில நாட்கள் முன்னதாகவே திருச்சி, தஞ்சைப் பகுதிகளிலிருந்து காவியுடுத்திய யாத்ரீகர்கள் கூட்டங்கூட்டமாக நடக்கத் தொடங்கிவிடுவர். சிறு சப்பரத்தில் அன்னையின் சுரூபத்தை வைத்து இழுத்துக்கொண்டு, செபமாலை சொல்லியவாறு திருவாரூர், கீழ்வேளூர் வழியே அவர்கள் செல்வர். அச்சாலையோரத்தில்தான் எங்கள் தாயாரின் வீடு இருந்தது. எங்கள் சிறுவயதில் அவ்வூரில் தண்ணீர்ப்பந்தல் ஏதும் கிடையாது. தாயாரின் திண்ணைதான் இருந்தது.

ஆவணி மாதம் எத்தகையது என்பதைத் தஞ்சைத் தரணியின் குடியானவர் அறிவர். தை மாதத்தில் வந்த சம்பா நெல் குதிரின் அடிக்கு இறங்கியிருக்கும். குறுவையோ இன்னும் வயலில் நிற்கும். கொடுப்பதற்கு ஏற்ற மாதமன்று அது. அந்த மாதத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பு இரண்டு வேளைக்குப் பதில் நாள் முழுதும் எரியும். எங்களுக்கு இரவுச் சோறு கஞ்சியாகிவிடும். வந்தவர்களுக்கு நீர்மோர், குழந்தைகளுக்குச் சோறு, கொப்புளம் உடைந்த கால்களுக்கு உப்பிட்ட வெந்நீரும், மஞ்சள் குழைத்த விளக்கெண்ணெயும். எந்த ஊர், என்ன சாதி, ஞானஸ்நானம் பெற்றவரா என்ற கேள்விகள் அங்கு எழுந்ததில்லை. அவ்வழியில் நடப்போருள் இந்துக்கள் பலர், இஸ்லாமியரும் உண்டு.

தாயாருக்கு எழுத்தறிவு இல்லை. மம்ரேயில் மூன்று அந்நியரை வரவேற்று, கால் கழுவ நீர் தந்த ஆபிரகாமின் வரலாற்றைப் பிரசங்கத்தில் கேட்டிருந்தார். அதில் அவருக்கு ஒரு குறையுண்டு. “அழைத்தவர் ஆபிரகாம். மாவு பிசைந்தவள் சாராள். சாமியார் அவள் பேரைச் சொல்லவே இல்லையே!” என்பார்.

திண்ணையில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. எல்லாருக்கும் அந்த ஒரே செம்புதான். இதில்தான் வினை வந்தது. அண்ணாந்து குடிக்கச் சொல்லலாமே என்று தந்தையார் யோசனை கூறினார். களைத்தவர் அண்ணாந்து குடித்தால் புரையேறும் என்று தாயார் மறுத்துவிட்டார். ஒரு நாள் வந்திருந்த அத்தை, “யார் யாரோ வாய் வைத்த செம்பில் நாங்களும் குடிக்க வேண்டுமோ, அண்ணி?” என்று கேட்டார். “கொல்லையில் கிணறு இருக்கிறது, வாளியும் இருக்கிறது. நீயே இறைத்துக் குடியம்மா” என்றார் தாயார். அத்தை அவ்வாறே இறைத்துக் குடித்தார். பிறகு இரண்டு ஆண்டுகள் எங்கள் வீட்டுப்படி மிதிக்கவில்லை.

இது அத்தையோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். எங்களுள் மூத்தவரான அக்காளுக்குப் பேசி முடித்திருந்த வரன் அவ்வாண்டே பின்வாங்கியது. காரணம் அச்செம்புதான் என்று வெளிப்படையாகவே சொல்லியனுப்பினர். ஒரே நற்கருணைப் பந்தியை அணுகும் நம் மக்களிடையேதான் இது நடந்தது. இதை மறைத்துப் பயனில்லை. அக்காளின் மணம் மூன்று ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. தாயார் அழுதார். ஒரு நாள் முழுதும் உண்ணாமல் படுத்திருந்தார். அடுத்த ஆவணி வந்தது. செம்பைப் புளியிட்டுத் துலக்கி, அதே இடத்தில் வைத்தார்.

இதைத் துணிவென்பதா, பெற்ற மகளின் வாழ்வைப் பணயம் வைத்த பிடிவாதமென்பதா? எங்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. அக்காள் மட்டும் இப்பேச்சில் கலந்துகொள்வதேயில்லை.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை நாகைக் கடற்கரையின் மீனவக் குடும்பங்களையும், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வேளாங்கண்ணி வந்திருந்த யாத்ரீகர் பலரையும் வாரிக்கொண்டது. நண்பகலுக்குள் எங்கள் திண்ணை நிறைந்துவிட்டது. தாயார் அப்போது எண்பதைக் கடந்தவர். கட்டிலை விட்டு எழ இயலாதவர். படுத்தவாறே டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, இருந்த துணிகளையெல்லாம் கொடுக்கச் செய்தார். மாலையில் ஒரு பெண் வந்தாள். உடுத்திய துணி அலையில் கிழிந்துபோயிருந்தது. பெட்டியில் எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று: தமது அடக்கத்துக்கென்று தாயார் எடுத்து வைத்திருந்த, மடிப்புக் கலையாத சந்தன நிறப் புடவை.

“அம்மா, அது…” என்று அக்காள் தயங்கினார்.

“அவள் நடந்து போக வேண்டியவள். என்னைத் தூக்கிக்கொண்டு போக நாலு பேர் இருக்கிறீர்கள்” என்றார் தாயார்.

அப்பெண்ணின் பெயரை அவர் கேட்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் அவள் தன் மகனைத் தேடிக் கடற்கரைக்கே திரும்பிச் சென்றாள். அவன் கிடைத்தானா என்பது எங்களுக்குத் தெரியாது. தாயார் மட்டும் தாம் வாழ்ந்த நாள்வரை இரவுச் செபத்தின் இறுதியில், “அந்தப் பிள்ளைக்காக ஒரு அருள் நிறைந்த மரியே” என்று சேர்த்துக்கொள்வார்.

2006-ஆம் ஆண்டு அவர் இறைவனடி சேர்ந்தார். பெட்டியில் புதுப்புடவை ஏதும் இல்லை. பெண்கள் என்ன செய்வதென்று கலந்து பேசிக்கொண்டிருந்தபோது, அக்காள் தம் வீட்டுக்குச் சென்று, தமது திருமணப் புடவையை எடுத்துவந்து அவருக்கு உடுத்திவிட்டார்.