பழைய காரும் ஆழ்குழாய்க் கிணற்று நீரும்

மாருதி 800, அம்பாசிடர் இரண்டின் உற்பத்தியும் 2014இல் நின்றுவிட்டது. அவற்றை இன்னும் ஓட்டிவரும் செம்பட்டி வட்டார அங்கத்தினர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறோம். ரேடியேட்டரில் ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றாதீர்கள். வெந்நீர்ப் பானையில் படியும் அதே சுண்ணாம்பு அங்கும் படிந்து குழல்களை அடைக்கும். பிறகு, கொடைக்கானல் மலைச்சாலையில் ஏறும்போது இஞ்சின் கொதித்து ஹெட் கேஸ்கெட் போகும். பாவு நெய்த கூலி அதற்கே சரியாகும்.

இஞ்சின் முற்றும் ஆறிய காலை வேளையிலேயே மூடியைத் திறக்கவேண்டும்; சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். பழைய நீரை ஒரு பாத்திரத்தில் வடித்துக்கொள்க. அதில் கூலண்ட் கலந்திருந்தால் இனிக்கும், ஆனால் நஞ்சு. மாடு வாய்வைக்க விடலாகாது. உள்ளே நன்கு அலசியபின், பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீருடன் கூலண்டை டப்பாவில் கண்ட அளவில் கலந்து ஊற்றி, மூடாமலே இஞ்சினை ஓடவிட்டு, காற்றுக்குமிழி அடங்கியதும் மூடுக.