தோள் இறுகாமல் காப்போம்

தொழுகைக்குக் கையைக் காதுவரை உயர்த்த முடியவில்லை. முடிவில் ஸலாம் கொடுக்க முகத்தைத் திருப்பினால் பிடரி இழுக்கிறது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கத்து வயல்காரர் தம் தோள்நோவை இப்படித்தான் சொல்வார்கள். அயலிலுள்ள தமிழ்க் கிராமங்களிலோ அதே நோவு, தலைவார முடியவில்லை, கூரைக்குக் கிடுகு கட்ட எட்டவில்லை என்ற பேச்சாக வரும்.

1990 இன் வன்செயல்களில் வயலை விட்டு வந்தவர்களும், 2004 டிசம்பர் 26 கடற்கோளில் வீட்டை இழந்தவர்களும் இக்கரையோரத்தில் உண்டு. காணி கைவிட்டுப் போனவருக்கு உடம்புதான் முதல். அந்த முதலில் தோள் பெரும் பங்கு.

ஏன் இறுகுகிறது?

ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ. மூன்று புசல் கொண்ட மூடை 60 கிலோவைத் தாண்டும். வளர்ந்த ஆணொருவர் சுமக்கும் உச்ச எடை 55 கிலோ என 1967 இல் சர்வதேசத் தொழில் அமைப்பு பரிந்துரைத்தது. முதுகில் மாட்டும் 16 லீற்றர் மருந்துத் தாங்கியில் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. தறியில் குனிந்திருப்போருக்குச் சுமை இல்லாமலே கழுத்து உளையும். கவலையும் ஒரு காரணம்: மனம் பதைக்கும்போது நாம் அறியாமலே தோள் காதை நோக்கி உயர்ந்து நிற்கிறது.

நோகிறது என்று கையை அசைக்காமல் வைத்தால், மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு இறுகி, பின்னர் அசைக்கவே முடியாமற் போகலாம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். முரட்டுத்தனமாக இழுப்பதும், கழுத்தைச் சொடக்கு எடுப்பதும் நோவைக் கூட்டிவிடலாம்.

செய்யும் முறை

மெதுவாகச் செய்யுங்கள். மூச்சை அடக்காதீர்கள். எங்கே இழுக்கிறது என்று மனம் வைத்துக் கவனியுங்கள். இழுவை தெரியும் இடத்தில் நின்று திரும்புங்கள். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் ஐந்து தடவை செய்தாற் போதும்.

1. நிமிர்ந்து இருந்து, மூச்சை உள்ளெடுத்தபடி இரு தோள்களையும் உயர்த்துங்கள். மூச்சை விட்டபடி தளரவிடுங்கள்.

2. ஸலாம் கொடுப்பதுபோல் முகத்தை வலப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். ஒரு மூச்சு நின்று, நடுவுக்கு வந்து, இடப்பக்கம் திருப்புங்கள். கழுத்தை வட்டமாகச் சுழற்ற வேண்டாம்.

3. நல்ல கையால் மேசையையோ கட்டிலையோ பிடித்துக் குனியுங்கள். நோவுள்ள கையைத் துலாவில் தொங்கும் வாளிபோல் தொங்கவிட்டு, உடம்பை மெல்ல ஆட்டுங்கள். கை தானாக ஆடட்டும்.

4. சுவரை நோக்கி நின்று, விரல்களைப் பல்லி ஏறுவதுபோல் மேலே நகர்த்துங்கள். சுவரில்லாத கொட்டிலில் கப்பு அல்லது தென்னைமரம் போதும். எட்டிய இடத்தில் கரியால் கோடு இடுங்கள். சில வாரங்களில் கோடு உயர்ந்தால் அதுவே உங்கள் அறுவடை.

வேலையிலும் மாற்றம் வேண்டும். மூடையை இருவராகத் தூக்குங்கள். ஒரே தோளில் எப்போதும் வைக்காதீர்கள். தாங்கியை அரைவாசி மட்டும் நிரப்புங்கள்; நடை கூடும், ஆனால் தோள் பிழைக்கும்.

எப்போது வைத்தியரிடம்?

கை விறைத்தல், பலம் குறைதல், கால் தடுமாறுதல், சிறுநீர் அடக்க முடியாமை, விழுந்தபின் நோவு, காய்ச்சலுடன் கழுத்து விறைத்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும் பயிற்சி வேண்டாம். தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நெஞ்சு நோவுடன் இடத்தோள் நோவதை வாய்வு என்று எண்ணிப் படுத்துவிடாதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம்.

வயலுக்குத் திரும்பும் நாள் நம் கையில் இல்லாதிருக்கலாம். அந்நாளில் மண்வெட்டியை உயர்த்தும் தோளைக் காப்பது நம் கையில்தான் உள்ளது.