தண்ணீர் போகும் வழி – 7: வயல் மண்ணில் ஓர் உறைக்குழி

செப்டிக் டேங்குக்குள் என்ன நடக்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். கசடு அடியில் படிகிறது, எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஏடாக மிதக்கிறது, இடையில் இருக்கும் நீர் வெளிக்குழாய் வழியே போகிறது. அந்த நீர் இன்னும் சுத்தமாகவில்லை. மீதி வேலை மண்ணுடையது. அதற்காகத்தான் உறைகளை அடுக்கி உறிஞ்சுகுழி இறக்குகிறோம். தொட்டிக்குச் செங்கல் கணக்குப் பார்ப்பவர்கள்கூட இந்தக் குழியை மேஸ்திரி கைகாட்டிய மூலையில் தோண்டி மூடிவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

குழி இறங்கும் மண்ணை முதலில் பார்க்க வேண்டும். திருப்பூர் மாவட்டம் என்றால் பனியன் கம்பெனியும் காய்ந்த மேட்டுக்காடும் நினைவுக்கு வரும். கொமரலிங்கம் அப்படிப்பட்ட ஊரில்லை. அமராவதிக் கரையில் நெல்லும் தென்னையுமாக இருக்கும் ஊர். 1957-இல் அமராவதி அணை கட்டுவதற்கு முன்பிருந்தே ராஜவாய்க்காலில் பாயும் பழைய ஆயக்கட்டு இது. நெல் விளையும் மண் தண்ணீரைப் பிடித்து வைக்கும். உறிஞ்சுகுழிக்குத் தண்ணீரை விடுகிற மண் வேண்டும். இந்தியத் தர விதி 2470 இதற்கு ஒரு சோதனை சொல்கிறது: சிறு குழி தோண்டி, மண்ணை நன்றாக ஊறவைத்து, பிறகு ஊற்றிய நீர் 25 மில்லிமீட்டர் இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது. 30 நிமிடத்தைத் தாண்டினால் அந்த மண்ணை நம்பி உறிஞ்சுகுழி இறக்கக்கூடாது. செலவே இல்லாத சோதனை, செய்பவர்கள்தான் அரிது.

கக்கூஸில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது, களகளவென்று சத்தம் வருகிறது என்றதும், “குழி ரொம்பிருச்சுங்க, லாரியக் கூப்பிடுங்க” என்பார்கள். லாரி வந்து உறிஞ்சிவிட்டுப் போன சில வாரங்களில் மறுபடியும் அதே கதை. லாரி வரும் நாளில், அதன் ஆட்கள் மூடியைத் திறந்ததும் தள்ளி நின்று நீர்மட்டத்தைப் பாருங்கள். வெளிக்குழாயின் அடிவிளிம்போடு மட்டம் நின்றால் தொட்டி சரியாக இருக்கிறது. அடைப்பு பெரும்பாலும் கக்கூஸிலிருந்து வரும் குழாயில்தான். வெளிக்குழாயே மூழ்கிக் கிடந்தால், ஒன்று அந்தக் குழாய் அடைத்திருக்கும், இல்லை உறைக்குழி நீரை வாங்கவில்லை. லாரி உறிஞ்சும்போது வெளிக்குழாய் வழியே தண்ணீர் தொட்டிக்குள் திரும்பி ஓடிவந்தால் சந்தேகமே வேண்டாம், உறைக்குழிதான்.

அடுத்த கேள்விதான் முக்கியம். ஆண்டு முழுவதும் இப்படியா, வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது மட்டுமா? வயல் நிறைந்து கிணறு ஏறும் மாதங்களில் மட்டும் தொல்லை என்றால், நிலத்தடி நீர் மேலே வந்து குழியைத் தொட்டிருக்கிறது. அப்போது “இன்னும் அஞ்சு உறை இறக்கிடலாம்” என்பவர் பேச்சைக் கேட்கவே கூடாது. கழிவுநீரை நேராக ஊற்றில் கலக்கும் வேலை அது. குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே 2 மீட்டராவது மண் இருந்தால்தான் கிருமிகள் வடிகட்டப்படும். இங்கே ஆழத்தை விட்டு அகலத்துக்குப் போக வேண்டும்: ஜல்லி பரப்பிய நீளமான, ஆழமில்லாத கால்வாய். நீர்மட்டம் மிக உயரமாக இருந்தால் தரைக்கு மேலேயே மண்மேடு எழுப்பி அதற்குள் அமைக்கலாம். தொட்டியைவிட மேடு உயரமானால் ஒரு சிறு மோட்டார் தேவைப்படும்.

கோடையிலும் நிறைகிறது என்றால், தொட்டியைக் காலாகாலத்தில் எடுக்காததால் கசடு வழிந்து குழியின் சுற்றுமண்ணில் கறுப்புக் கொழகொழப்பாகப் படிந்திருக்கலாம். ஆசிட் ஊற்றினால் அது போகாது. தொட்டியில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள்தான் சாகும். மண் காய்ந்து காற்றுப் பட வேண்டும். கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இரண்டாவது குழி எடுத்து, இரண்டையும் மாற்றி மாற்றி ஓய்வு கொடுப்பதே வழி. தொட்டியை 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை காலி செய்யுங்கள். வாஷிங் மெஷின் தண்ணீரை உறைக்குழிக்கு விடாதீர்கள்.

இந்தச் செலவுக்குத் தயங்கி, வெளிக்குழாயைத் தெருச் சாக்கடைக்குத் திருப்பிவிடும் வீடுகளும் நம் ஊர்களில் உண்டு. ஆற்றோர ஊரில் சாக்கடை வேறெங்கே போகும்? தாராபுரமும் கரூரும் இதே அமராவதியின் கரையில்தான் இருக்கின்றன.

எந்த அவசரத்திலும் தொட்டிக்குள் ஆளை இறக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பின்றி இறக்குவது குற்றம். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு சில மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். உதவிக்கு 14420 என்ற எண் இருக்கிறது. லாரிக்காரரிடம் கசடை எங்கே கொட்டுகிறார் என்றும் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் பெயரைச் சொல்லாமல் மழுப்பினால், பேரூராட்சியில் விசாரித்து உரிமம் பெற்ற வேறு லாரியை அழையுங்கள்.