சிறகுக்கு ஒரு சத்திரம்

தாழப் பறப்பவர்கள் – 11

1910 மார்ச் மாதம். பல்லாவரத்துப் பொட்டல் வெளியில் ஒரு விமானம் எழும்பியது. அதை உருவாக்கியவர் ராணுவ அதிகாரி அல்ல, என்ஜினீயரும் அல்ல. சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திக்கொண்டிருந்த கார்சிகா தீவுக்காரர் ஜாக்கோமோ டி ஆஞ்சலிஸ். பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. தன் விமானத்தைத் தானே திட்டமிட்டு, வண்டி கட்டும் சிம்சன் கம்பெனியில் கொடுத்துச் செய்ய வைத்தார். பிறகு கட்டணம் வைத்து ஜனங்களுக்குக் காட்டவும் செய்தார். இந்தியாவில் முதலில் பறந்தது யார் என்று பேசுகிறவர்கள் இவர் பெயரைச் சொல்லாமல் தாண்டுவதில்லை. என் மனதில் நிற்பது வேறொன்று. வந்தவருக்குச் சோறும் படுக்கையும் கொடுத்துவந்த ஒரு மனிதர்தான் அன்று பறக்க ஆசைப்பட்டார். விடுதியும் விமானமும் நம் ஊரில் ஒரே கையில் தொடங்கியிருக்கின்றன. பிறகு ஏனோ இரண்டும் பிரிந்தன.

அந்தப் பிரிவு எப்படி இருக்கிறது என்று பார்க்க, சென்ற வாரம் நாம் நின்ற பெங்களூரின் ஜக்கூர் ஓடுபாதைக்கே திரும்புவோம். மைசூர் மகாராஜா கொடுத்த நிலத்தில், 1940-களின் கடைசியில் அரசு விமானப் பயிற்சிப் பள்ளி தொடங்கிய இடம். தொழிலுக்காக இல்லாமல் ஆசைக்காகப் பறக்கிற ஒருவர் காலையில் இங்கிருந்து எழும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரிகளையும் திராட்சைத் தோட்டங்களையும் மேலிருந்து பார்த்துவிட்டு, கிளம்பிய இடத்துக்கே வந்து இறங்குகிறார். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் பையன் நந்தி மலைக்குப் போய் ஒரு டீயாவது குடித்துவிட்டு வருவான். விமானம் வைத்திருப்பவருக்கு அப்படிப் போய் இறங்கி, இரவு தங்கி வர ஓர் இடம் கிடைப்பது அரிது.

இதில் எனக்கு வருத்தம் உண்டு. ஏனென்றால் சிறு விமானங்களைப் பொறுத்தவரை பெங்களூரு வேடிக்கை பார்த்த ஊர் அல்ல, செய்து கொடுத்த ஊர். 1958-இல் எச்.ஏ.எல். நிறுவனம் வி.எம். கட்கே தலைமையில் ‘புஷ்பக்’ என்ற இரண்டு இருக்கை விமானத்தைப் பறக்கவிட்டது. நாடெங்கும் பறக்கும் கழகங்களில் ஒரு தலைமுறை அதில்தான் கை பழகியது. 1993-இல் தேசிய வானூர்தி ஆய்வகத்தின் ‘ஹன்சா’ எழுந்தது. உடல் முழுக்கக் கண்ணாடியிழை போன்ற கூட்டுப்பொருள். அதன் புதிய வடிவம் 2021-இல் பறந்தது. இவை அரசாங்கத்தின் கைகள். இன்னொரு பக்கம், ஜோயல் கோஷ்லான் என்ற பிரெஞ்சுக்காரர் பெங்களூரில் தொடங்கிய ராஜ் ஹம்சா, ஹேங் கிளைடரில் ஆரம்பித்து, குழாய்ச் சட்டமும் துணிச் சிறகுமாக ‘எக்ஸ்-ஏர்’ விமானங்களைச் செய்தது. அவை கடல் தாண்டிப் போய் ஐரோப்பாவின் புல்வெளிகளில் இறங்கின. இந்த ஊரில் செய்த சிறகுக்கு அங்கே இறங்கிப் படுக்க இடம் கிடைத்தது. பிறந்த ஊரில் அதற்கு ஒரு திண்ணை வேண்டாமா?

திண்ணை என்று யோசித்துத்தான் சொல்கிறேன். ராணி மங்கம்மாள் சாலை போட்டபோது நிழல் மரமும் சத்திரமும் சேர்த்தே வந்தன. கால்நடையாக வருபவருக்கு அந்தி என்று ஒன்று உண்டு. அது சாயுமுன் ஒரு கூரை வேண்டும். சிறு விமானத்துக்கும் அதே அந்தி இருக்கிறது, சட்டமாகவே. கண்ணால் தரையைப் பார்த்துப் பறக்கிறவர், விசேஷ அனுமதி இல்லாவிட்டால், சூரியன் மறைந்த 20 நிமிடத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். மறுநாள் உதயத்துக்கு 20 நிமிடம் முன்னால்வரை எழும்பக் கூடாது. நடுவில் உள்ள இரவை எங்கே கழிப்பது? தங்குமிடம் இல்லாவிட்டால், பறக்கக்கூடிய தூரத்தில் பாதி திரும்பி வருவதற்கே போய்விடும். அதனால்தான் வட்டமடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள்.

சரி, பெங்களூருக்கு வெளியே, தொட்டபள்ளாபுரம் பக்கமோ தேன்கனிக்கோட்டைப் பக்கமோ, ஒருவர் தன் கேழ்வரகுக் கொல்லையில் இப்படி ஒரு சத்திரம் வைக்க நினைக்கிறார். அவர் முதலில் கேட்க வேண்டியது காற்றை. எச்.ஏ.எல்., எலகங்கா, தேவனஹள்ளி, ஜக்கூர் என்று இந்த வட்டாரத்து ஓடுபாதைகள் எல்லாம் ஏறக்குறைய கிழக்கு மேற்காகவே கிடக்கின்றன. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, மார்கழியில் கிழக்கிலிருந்து வரும். விமானம் எதிர்காற்றில் எழும்பி எதிர்காற்றில் இறங்குவது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில், வடக்கு தெற்காக நீண்ட கொல்லை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உதவாது.

அடுத்தது வெயில். பெங்களூரு கடல் மட்டத்துக்கு 3,000 அடி மேலே. சித்திரை மதியம் 35 டிகிரி அடித்தால், சூட்டில் லேசான காற்றை விமானம் 6,000 அடி உயரத்துக் காற்றாகவே உணரும். நிற்பது தொட்டபள்ளாபுரத்தில், இறக்கைக்குத் தெரிவது குன்னூர். கடல் மட்டத்தில் ஆயிரம் அடிக்குள் ஓடி எழும்பும் செஸ்னா 172, முழு எடையோடு இங்கே 1,400 அடியைத் தாண்டி ஓடும். முனையில் தைல மரத் தோப்போ மின்கம்பியோ இருந்தால் அதற்கு மேலும் இடம் வேண்டும். 3,000 அடி நீளம், 150 அடி அகலம் என்று வையுங்கள். பத்து ஏக்கர் சொச்சம்.

பத்து ஏக்கர் பெரிய நிலமல்ல. ஒரே நேர்கோட்டில் 3,000 அடி என்பதுதான் பெரிது. அண்ணன் தம்பி பாகம் பிரித்துப் பிரித்துத் துண்டான பூமியில் அந்தக் கோடு எத்தனை பட்டாக்களை, எத்தனை வரப்புகளை, எத்தனை பொதுவழிகளை வெட்டும்! ஒரு துண்டுக்காரர் மறுத்தால் ஓடுபாதை இல்லை. கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவர் விளைநிலம் வாங்கத் தடையாக இருந்த பிரிவுகள் 2020-இல் நீக்கப்பட்டன. வாங்குவது எளிதானது, பஹணி என்கிற நிலப் பதிவேட்டில் விவசாயம் என்று இருப்பதை வேறு உபயோகத்துக்கு மாற்றும் வேலை அப்படியே இருக்கிறது. இதையெல்லாம் விடக் கடினமான கேள்வியை மாடு மேய்ப்பவர் கேட்பார்: “இறங்கறது சரிங்க சாமி, எங்க மாட்டை எங்க ஓட்டறது?” கோமாளம் என்கிற பொது மேய்ச்சல் நிலமும் மேய்ச்சல் தடமும் பட்டாவில் இராது, ஆனால் ஊரின் வயிறு அதில் இருக்கிறது. அவருக்கு வேலியைச் சுற்றி ஒரு தடம் ஒதுக்காமல், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சத்திரத்தில் ஒரு வேலை இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அனுமதிகள் பற்றி நீட்டவில்லை. சிவில் விமானத் துறை இயக்குநரகத்தின் உரிமம், பாதுகாப்பு அமைச்சகத்தின் சம்மதம், ஊர் விட்டு ஊர் பறக்க வான் பாதுகாப்பு அனுமதி எண். எலகங்காவில் விமானப்படைத் தளம், கிழக்கே எச்.ஏ.எல்., வடக்கே 2008-இல் திறந்த சர்வதேச நிலையம் என்று நெருக்கமான வானத்தில் இந்தக் கண்டிப்பு தேவைதான்.

எரிபொருளில் ஒரு நுட்பம் இருக்கிறது. செஸ்னா போன்றவற்றுக்கு ஏவ்கேஸ் என்கிற விமான பெட்ரோல் வேண்டும். நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்தே வந்த அதை, இந்தியன் ஆயில் தன் வதோதரா ஆலையில் காய்ச்சி 2022 செப்டம்பரில் வெளியிட்டது. நல்ல செய்தி. ஹன்சா, எக்ஸ்-ஏர் வகைகளில் பொருத்தும் ரோட்டக்ஸ் என்ஜினோ மோட்டார் பெட்ரோலிலேயே ஓடும். கிராமத்துச் சத்திரத்துக்கு இதைவிட வசதி ஏது, பங்க்கில் வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் இப்போது பங்க்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். ரோட்டக்ஸ் ஒப்புக்கொள்வது 10 சதவீதம் வரை. விருந்தாளியின் டேங்க்கில் எதை ஊற்றுகிறோம் என்று தெரியாதவர் இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது.

பெங்களூரைச் சுற்றி வார இறுதிப் பண்ணை வீடு என்றாலே மதுவும் டி.ஜே.வும் என்றாகிவிட்டது. இங்கே அதற்கு இடமில்லை. பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் விமானி குடிக்கக் கூடாது என்பது நம் சட்டம். விடியலில் கிளம்புகிறவர் முதல் நாள் மாலையிலிருந்தே கையை மடக்கிக்கொள்ள வேண்டும். ஆகவே இந்தச் சத்திரத்தின் இரவு களியும் கீரை மசியலும், சீக்கிரத் தூக்கமும்தான். காலையில் எழுந்தால் மார்கழி, தைப் பனி மூட்டம் எதிரே நிற்கும். கண்ணால் பறப்பவருக்கு 5 கிலோமீட்டர் தெரிய வேண்டும். தெரியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்த இரண்டு மணி நேரக் காபியும் பேச்சும்தான் இந்த விடுதி விற்கக்கூடிய மிக நல்ல பண்டம் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஜான்சன் கிரீக் என்ற புல் ஓடுபாதை உண்டு. கிட்டத்தட்ட 5,000 அடி உயரத்தில், மலைக்கு நடுவே. இறக்கைக்குக் கீழேயே கூடாரம் போட்டுப் படுக்கிறார்கள், குளிக்கச் சுடுநீர் இருக்கிறது. பெரிய கட்டடமில்லை. புளோரிடாவின் ஸ்புரூஸ் கிரீக்கில் இரண்டாம் உலகப் போர்க் கடற்படை ஓடுபாதையைச் சுற்றி வீடுகள் எழுந்தன. வாசலில் காரோடு விமானமும் நிற்கிறது. அதே போர் நமக்கும் செட்டிநாடு, கயத்தாறு, உளுந்தூர்பேட்டை, சோழவரம் என்று ஓடுபாதைகளை விட்டுப் போனது. சோழவரத்தில் கார்ப் பந்தயம் நடந்தது. மற்றவை வெயிலில் காய்ந்தன.

எனவே என் யோசனை, புதிதாக ஓடுபாதை போடுவதில் தொடங்காதீர்கள். இருப்பதன் பக்கத்தில் வீட்டைக் கட்டுங்கள். ஓசூரை அடுத்த பேளகொண்டபள்ளியில் தனேஜா நிறுவனத்தின் ஓடுபாதை ஏறக்குறைய 7,000 அடி. ஓசூரில் பெரிய விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தபின், அங்கே நிலத்தின் விலையைப் பற்றி மட்டுமே பேச்சு. வடக்கே ஹம்பிக்கு அருகில் வித்யாநகர், கொப்பளத்தில் பல்டோட்டா என்று இரும்புக் கம்பெனிகளின் ஓடுபாதைகள் இருக்கின்றன. உரிமையாளர் சம்மதித்து, வேலிக்கு அப்பால் ஒரு விவசாயி நான்கு அறை கட்டினால் போதும். ஜக்கூரில் கிளம்பி ஹம்பியில் அந்தி, மறுநாள் திரும்புகை.

அந்த விவசாயி செய்ய வேண்டிய முதல் வேலை மண்ணில் முளை அடிப்பது. எக்ஸ்-ஏர் இரண்டு எருமை எடைகூட இராது. சித்திரை, வைகாசியில் மாங்காய் மழைக்கு முன் வரும் சூறை அதைப் புரட்டிப் போட்டுவிடும். இரண்டு இறக்கைக்கும் வாலுக்கும் மூன்று முளை, நல்ல நைலான் கயிறு. மாடு கட்டத் தெரிந்தவருக்கு அந்த முடிச்சைச் சொல்லித்தர வேண்டியதில்லை.