நினைவு மரமும் காட்டின் மீட்சியும்

விழாக் காலங்களில் மரம் நடுதலும், மறைந்த பெரியோர் பெயரால் மரம் நடுதலும் எம்மிடையே நெடுநாளாக நிலவிவரும் நல்வழக்கங்களாம். ஆயினும், நடும் நாளிற் காணப்படும் ஊக்கம் அடுத்துவரும் கோடையில் தண்ணீர் வார்ப்பதிற் காணப்படுவது அரிது. மரம் பட்டுப்போகப் பெயர் பொறித்த கல் மாத்திரம் எஞ்சி நிற்பதைக் கண்டோர் நம்முட் பலர். எவரை நினைந்து நட்டோமோ அவருக்கு அது சிறப்பாகுமா?

இன்று உலகின் பல பாகங்களில் வேறொரு முறையும் கைக்கொள்ளப்படுகின்றது. அழிந்த காட்டை மீள உண்டாக்கும் பாதுகாக்கப்பட்ட நிலத்திலே, அந்நிலத்துக்கே உரிய மரத்தை நினைவாக நடுதலே அம்முறை. முற்றத்து மரம் நிழலையும் அழகையும் நோக்கி நடப்படுவது. அது பிறநாட்டுப் பூமரமாயினும் குற்றமில்லை. காட்டு மரமோ பல்லுயிர்க்கும் உணவும் உறையுளுமாவது. எமது உலர்வலயக் காட்டிலுள்ள பாலையின் பழத்தைக் கரடியும் பறவைகளும் உண்கின்றன. அவை கொண்டு சென்ற வித்துக்கள் வேறிடத்தில் முளைக்கின்றன. இவ்வாறு ஒரு மரம் பல மரங்களாகின்றது.

நன்னோக்கம் மாத்திரம் போதாதென்பதற்கு எமது நாட்டிலேயே சான்றுண்டு. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆந் திகதி நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர், கரையைக் காக்கும் பொருட்டுப் பல இடங்களிற் கண்டல் நடப்பட்டது. 23 இடங்களை ஆராய்ந்து 2017 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, ஏறக்குறைய 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் நடப்பட்டவற்றுள் 200 முதல் 220 ஹெக்டேயரளவே நிலைத்தனவென்றும், 9 இடங்களில் ஒரு கன்றேனும் பிழைக்கவில்லையென்றும் கூறுகின்றது. வற்றுப்பெருக்கின் அளவை நோக்காது இடந்தெரிந்தமை, இடத்துக்கேற்ற இனத்தைத் தேராமை, கால்நடைகள் மேய்ந்தமை, நட்டபின் பேணாமை ஆகியனவே காரணங்கள். இவை நினைவுக்காக நடப்பட்டனவல்ல. எனினும் நினைவு மரம் நடுவோர்க்கும் பாடம் இதுவே.

ஆதலின், நடுமுன் மூன்றினை ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, அந்நிலம் மரத்தை வேண்டுகின்றதா என்பது. திறந்த வெளியெல்லாம் வெறுநிலமன்று. 2010 ஆம் ஆண்டில் ராம்சார் சாசனத்தின்கீழ்ப் பதிவுபெற்ற மன்னார் வங்காலைச் சரணாலயத்தின் சேற்றுவெளிகள் பூநாரை முதலிய புள்ளினங்கள் இரைதேடும் இடங்கள். அங்கே மரம் நடுதல் மீட்பாகாது, அழிப்பேயாகும். வேறு சில இடங்களிற் சீமைக்கருவேலை அகற்றுதலே நடுகைக்கு முந்திய பணியாகும்.

இரண்டாவது, எம்மரத்தை நடுவதென்பது. உலர்வலயக் காட்டுக்குப் பாலை, வீரை, முதிரை, கருங்காலி, நாவல் என்பனவும், ஆற்றங்கரையாயின் மருதும் பொருந்துவன. அயற்காட்டிலுள்ள பல தாய்மரங்களிலிருந்து வித்தெடுத்து, இனங்களைக் கலந்து நடுதல் நன்று. ஒரே மரத்தை வரிசையாக நட்டாற் கிடைப்பது தோட்டமேயன்றிக் காடன்று.

மூன்றாவது, பின்னர்ப் பேணுவோர் யாவர் என்பது. ஐப்பசி மழையோடு நட்ட கன்று மார்கழிவரை தானே தழைக்கும். வைகாசி தொடக்கம் புரட்டாதிவரை நீளும் வரட்சியே அதற்குச் சோதனை. முதல் இரண்டு மூன்று கோடைகளிலும் நீர் வார்த்து, அடியிற் சருகு மூடி, ஆடுமாடு அணுகாது வேலியிடல் வேண்டும்.

பாதுகாக்கப்பட்ட நிலத்தில் எவரும் தம் விருப்பப்படி நடுதல் ஆகாது. அதனை ஆளும் திணைக்களத்தின் அனுமதி இன்றியமையாதது. அங்கே கல் நாட்டுதலும் மேடை கட்டுதலும் தகா. நினைக்கப்பட்டோர் பெயர்களைக் கல்லூரியில் ஓர் ஏட்டில் எழுதி வைத்தல் போதும். கன்றுகள் சில இறத்தல் இயல்பாதலின், ஒருவர் பெயரை ஒரு மரத்தோடு பிணைப்பதிலும் அக்காடு முழுவதோடும் பிணைப்பதே சாலும்.

எமது ஆசிரியர்களையும் உடன் பயின்று மறைந்த நண்பர்களையும் நினைந்து இவ்விழாவாண்டில் மரம் நட விரும்பும் பழைய மாணவர்க்கு எமது வேண்டுகோள் ஒன்றுண்டு. சேரும் பணத்திற் பாதியைக் கன்றுக்கும் மறுபாதியைக் காவலுக்கும் நீருக்கும் ஒதுக்குக. பாலையும் கருங்காலியும் மெல்ல வளர்வன. நடுவோர் அவற்றின் முதிர்ச்சியைக் காணார். மாணவர்க்கு ஆசிரியர் செய்த தொண்டும் அத்தன்மையதே அன்றோ?